துக்கம் உடலைத் தாக்கும். ஆனால் உடலில் நேர்வதெல்லாம் துக்கத்தால் அல்ல

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன், டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்கு வயது 45. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். 22 மாதங்களுக்கு முன், கணவர் ஓட்ட இவர் பின்னால் அமர்ந்து சென்ற ஸ்கூட்டர் மீது, முக்கூட்டுச் சாலை ஒன்றில் லாரி மோதியது. சிராய்ப்புக் காயங்களோடு இவர் தப்பினார். கணவர் இவர் கண்ணெதிரே உயிரிழந்தார். கல்லூரியில் படிக்கும் மகளும், மறதி நோயால் பாதிக்கப்பட்ட மாமியாரும் இப்போது இவருடைய பொறுப்பில் இருக்கிறார்கள். மாமியார் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து, "அவன் இன்னும் வரலையா?" என்று மகனைத் தேடுகிறார். ஒவ்வொரு முறையும் இவர் நடந்ததைச் சொல்ல, அந்தத் தாய் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவரைப் போல அழுகிறார்.

கடந்த ஓராண்டாக மாதம் தவறாமல் சளியும் காய்ச்சலும் வருகின்றன. வாயோரத்தில் அடிக்கடி கொப்புளம். ஆறு மாதங்களுக்கு முன் வலது விலாவில் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளங்கள் காய்ந்த பிறகும் எரிச்சல் இரண்டு மாதம் நீடித்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அரிவாள்மணையில் பட்ட காயம் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உடல் எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகம். இப்போது மூன்று வாரமாக இருமல் விடவில்லை. அவர் பார்த்த மருத்துவர் ஒருவர், "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு, காய்ச்சல் வரும்போதெல்லாம் பக்கத்துத் தெரு கிளினிக்கில் "ஒரு ஊசி" போட்டுக்கொண்டு மறுநாள் பள்ளிக்குப் போய்விடுகிறார். எதிர்ப்பு சக்திக்கென்று ஒரு மூலிகைப் பொடியை ஆன்லைனில் வாங்கி நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார். தூக்கம் வராத நாள்களில் மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதியை விழுங்குகிறார். "துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டால் புற்றுநோய் வரும்" என்று நாத்தனார் சொன்னது அவரை மிகவும் கலக்கியிருக்கிறது.

அவர் கேட்பவை: இவ்வளவும் துக்கத்தால் வந்தவைதானா? புற்றுநோய் வருமா? எதிர்ப்பு சக்தியை ஏற்ற என்ன சாப்பிடலாம்? மனநல மருத்துவரிடம் போனால் வேலைக்கும் மகளின் திருமணத்துக்கும் இடைஞ்சல் வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவரை இழந்த துயரமும், அந்த இழப்பை இரவுதோறும் உங்கள் வாயாலேயே மீண்டும் சொல்ல நேர்கிற கொடுமையும் எந்த உடலையும் உலுக்கக்கூடியவை. நீங்கள் திடமில்லாதவர் என்பதால் நோய்வாய்ப்பட்டீர்கள் என்ற எண்ணம் கடிதத்தில் பல இடங்களில் தெரிகிறது. அது சரியல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் இரண்டு பகுதிகள் உண்டு. நீடித்த மன அழுத்தமும் அதிர்ச்சியும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பது உண்மை. அதே சமயம், நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் துக்கத்தை மட்டும் காரணமாக ஏற்க முடியாத அறிகுறிகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டை இந்த வாரமே பரிசோதிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதை என் பணியில் அடிக்கடி காண்கிறேன். அவர்களுடைய ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு காரணம் தயாராகக் கையில் இருப்பதால், வேறு காரணத்தை உறவினர்களும் தேடுவதில்லை, மருத்துவர்களும் தேடுவதில்லை, சில நேரம் நோயாளியும் தேடுவதில்லை.

துக்கம் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வழி

ஆபத்து ஒன்றை மூளை உணர்ந்தவுடன் இரண்டு வழிகளில் உடலுக்குக் கட்டளை போகிறது. நரம்புகள் வழியே நொடிப்பொழுதில் அட்ரீனலின் சுரக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாகச் சற்று மெதுவாகச் செல்லும் கட்டளையால், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. சிறிது நேரமே நீடிக்கும் அழுத்தம் எதிர்ப்பாற்றலைக் கெடுப்பதில்லை. சில வெள்ளை அணுக்களை இரத்தத்தில் அதிகமாக்கி, காயத்தை எதிர்கொள்ள உடலைத் தயார்ப்படுத்துகிறது. 30 ஆண்டுகளில் நடந்த ஏறத்தாழ 300 ஆய்வுகளைத் திரட்டி 2004இல் வெளியான தொகுப்பாய்வு, குறுகிய அழுத்தத்தையும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் அழுத்தத்தையும் பிரித்துப் பார்த்தது. எதிர்ப்பாற்றலின் பல கூறுகளும் தளர்வது இரண்டாவது வகையில்தான்.

கார்டிசாலின் வேலைகளில் ஒன்று, வீக்கத்தையும் அழற்சியையும் தேவைக்கு மேல் போகாமல் அடக்கி வைப்பது. அது ஓயாமல் சுரந்துகொண்டிருந்தால், விடாமல் அடிக்கும் மணிச் சத்தம் பழகிய காதுக்கு உறைக்காமல் போவது போல, எதிர்ப்பு அணுக்கள் அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகின்றன. அப்போது ஒரு விசித்திரமான நிலை ஏற்படுகிறது: கிருமிகளை எதிர்க்கும் திறன் ஒரு பக்கம் குறைகிறது, இன்னொரு பக்கம் உடலுக்குள் மெல்லிய அழற்சி அணையாமல் தொடர்கிறது. "எதிர்ப்பு சக்தியை ஏற்ற வேண்டும்" என்று நீங்கள் கேட்டதை ஒரு மருத்துவராக நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். ஏற்றவும் இறக்கவும் அது ஒற்றை அளவு கொண்ட பொருள் அல்ல. மிஞ்சிப்போனால் தன் உடலையே தாக்கும் நோய்களாகவும் அது மாறும்.

இதற்கெல்லாம் நேரடிச் சான்று இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரில் இயங்கிய ஜலதோஷ ஆய்வு நிலையத்தில், உடல்நலமுள்ள 394 தன்னார்வலர்களின் மன அழுத்தத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு ஜலதோஷ வைரஸ் கலந்த சொட்டு மருந்தை அவர்கள் மூக்கில் விட்டார்கள். 1991இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் ஏறத்தாழ 27 சதவீதத்தினருக்கும், மிக அதிகமாக இருந்தவர்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தினருக்கும் ஜலதோஷம் பிடித்தது. இந்த எண்களை இன்னொரு கோணத்திலும் பாருங்கள். அழுத்தம் உச்சத்தில் இருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு மேல், வைரஸை நேரடியாக மூக்கில் விட்ட பிறகும் ஜலதோஷம் வரவில்லை. அழுத்தம் வாய்ப்பைக் கூட்டுகிறது, விதியை எழுதிவிடுவதில்லை.

உங்கள் நிலைக்கு மிக நெருங்கிய ஆய்வு 1995இல் அமெரிக்காவின் ஓஹையோவில் நடந்தது. மறதி நோயாளிகளை வீட்டில் பராமரித்த 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறும் வேகத்தைக் கவனித்தார்கள். பராமரிப்பாளர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. கணவன் அல்லது மனைவியைப் பராமரித்து வந்தவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டபோது எதிர்ப்பொருள் குறைவாகவே உருவானதையும் அதே குழு அடுத்த ஆண்டு காட்டியது. ஆகவே உங்கள் விரல் காயம் மெதுவாக ஆறியதற்கு மாமியாரின் இரவுகளும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதுவே முழுக் காரணமா என்பதைக் கீழே பார்ப்போம்.

அக்கியும் வாயோரக் கொப்புளமும் இந்த விளக்கத்துக்குள் நன்றாகவே பொருந்துகின்றன. சிறுவயதில் வந்த சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்கிக்கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பவை வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள். அவற்றின் பிடி தளரும்போது அது ஒரு நரம்பின் வழியே வெளிவந்து, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. விண்வெளிக்குச் சென்ற, எந்த நோயும் இல்லாத வீரர்களின் உமிழ்நீரில்கூட இந்த வைரஸ் மீண்டும் தலைகாட்டுவதை நாசா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வாயோரக் கொப்புளத்துக்குக் காரணம் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ்.

அக்கி எழுதிக்கொண்டதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அசைக்ளோவிர் வகை மருந்துகள் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். அக்கி எழுதிக் காத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் கைநழுவிப் போகிறது. மீண்டும் வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் செல்லுங்கள். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால், பார்வைக்கே ஆபத்து என்பதால் சில மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

துக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாதவை

"எல்லாம் மனசுதான்" என்று சொன்ன மருத்துவர் உங்களுக்கு ஆறுதல் தரவே அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது ஒரு நோயின் பெயர் அல்ல. பிற காரணங்களைத் தேடி, இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மன அழுத்தத்தை முதன்மைக் காரணமாகக் கொள்ளலாம். உங்களுக்கு அந்தத் தேடலே நடக்கவில்லை.

முதலில் இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவான விதி. உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, எடையும் குறைந்திருக்கிறது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையும், தேவைப்பட்டால் சிகிச்சையும் அங்கே இலவசம். முடிவு தெரியும்வரை வகுப்பறையிலும் மாமியாரின் அருகிலும் முகக்கவசம் அணியுங்கள். காசநோயாக இல்லாமலும் போகலாம். இருந்தாலும் முழுமையாகக் குணமாகும் நோய் அது.

அடுத்தது சர்க்கரை. ஆறாத காயம், எடைக் குறைவு, திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் எந்த மருத்துவரும் முதலில் நினைக்க வேண்டியது நீரிழிவைத்தான். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவின் அளவு. உறுதி செய்ய இன்னொரு முறையும் பார்ப்பார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் நம்பிவிட வேண்டாம். உங்களுக்கு இரத்தப்போக்கு அதிகம் என்பதால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கக்கூடும். அந்தக் குறைவு இருந்தால் அந்த எண் பிழையாகக் கூடுதலாகத் தெரியும். நீரிழிவு இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்பதால், இந்த இரண்டு பரிசோதனைகளையும் ஒருசேரச் செய்துவிடுவது நல்லது.

முடி கொட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரதிர்ச்சிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்தாக உதிர்வது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் அடுத்த சில மாதங்களில் தானே நின்றுவிடும். 22 மாதங்கள் கழித்தும் கொட்டுகிறது என்றால் அந்த விபத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ஆகியவற்றைப் பாருங்கள். இரத்தப்போக்குக்காக மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் பார்த்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். 45 வயதில் இது சகஜம் என்று யாராவது சொன்னால், அதைப் பரிசோதனைக்குப் பிறகு சொல்லட்டும்.

இன்னொரு பரிசோதனையையும் சொல்லாமல் விடக் கூடாது. இந்த வயதில் அக்கியும், விடாமல் தொற்றுகளும், எடைக் குறைவும் உள்ள யாருக்கும், அவர் யாராக இருந்தாலும், எச்ஐவி பரிசோதனையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். இதில் உங்கள் மீதோ மறைந்த கணவர் மீதோ எள்ளளவும் ஐயம் இல்லை. இது எங்கள் நடைமுறை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்வார்கள். பொதுவாக உங்கள் சம்மதமின்றி முடிவைப் பிறரிடம் வெளியிடக் கூடாது என்பது சட்டம்.

ஊசியும் பொடியும் பாதி மாத்திரையும்

மாதந்தோறும் போட்டுக்கொள்ளும் அந்த ஊசியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வைரஸ் காய்ச்சலில் படுத்திருப்பவர் மறுநாளே எழுந்து நடக்கும்படி செய்யும் ஊசிகளில், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் ஊர்களில் அரிதல்ல. ஸ்டீராய்டு என்பது கார்டிசாலின் வேலையைப் பல மடங்கு வலிமையாகச் செய்யும் மருந்து. ஆஸ்துமா மூச்சுத்திணறலிலும் வேறு பல நோய்களிலும் உயிர் காப்பது. ஆனால் சாதாரணச் சளிக்கு அடிக்கடி போட்டால் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பு அணுக்களை அடக்கும், உறங்கும் காசநோய்க் கிருமியையும் எழுப்பிவிடும். உங்களுக்குப் போட்டது ஸ்டீராய்டுதான் என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். தான் பெறும் சிகிச்சையின் விவரத்தை அறிவது நோயாளியின் உரிமை. எழுதித் தர மறுக்கும் இடத்தில் மீண்டும் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அடிக்கடி ஸ்டீராய்டு பெற்றவருக்குச் சொந்தச் சுரப்பே மந்தப்பட்டிருக்கக்கூடும் என்பதால், இதுவரை எத்தனை முறை போட்டீர்கள் என்பதைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பொடியை இன்றே நிறுத்திவிடலாம். சித்த மருத்துவத்தின் மீது எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. தகுதி பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லித் தருவது வேறு, என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் முழுமையாக எழுதப்படாத பொடியைப் பல மாதம் தின்பது வேறு. எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடி மருந்துகளைத் தாமாகவே உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே கல்லீரல் பரிசோதனையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் நாளுக்கு இரண்டு முட்டையும், பருப்பும் கீரையும் கூடுதலாகச் சேர்த்தால், 6 கிலோ இழந்த உடலுக்கு அது உண்மையிலேயே உதவும்.

மாமியாரின் தூக்க மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம் போன்றவை முதல் சில நாள்கள் உதவும். சில வாரங்களில் அவை இல்லாமல் தூங்க முடியாத நிலை வந்துவிடும். கோர அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு அவற்றைத் தொடர்ந்து தருவதைப் பெரும்பாலான மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. தினமும் எடுத்து வந்திருந்தால் சட்டென நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும்படி அளவைக் குறைத்து நிறுத்துங்கள்.

புற்றுநோய் பயம்

நாத்தனார் உங்கள் மீதுள்ள அக்கறையால்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதற்கு ஆதாரம் போதாது. ஐரோப்பாவில் 12 ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,16,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், வேலைச் சுமையின் அழுத்தத்துக்கும் மார்பகம், குடல், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. வேலை அழுத்தமும் கணவரை இழந்த துயரமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும், அழாமல் அடக்கிய துக்கம் கட்டியாக மாறும் என்று காட்டும் நம்பகமான ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. புற்றுநோய் பற்றிய கவலைக்குச் செய்யத்தக்கது ஒன்றுதான்: 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படும் மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனையை ஒரு நாள் ஒதுக்கிச் செய்துகொள்ளுங்கள்.

முக்கூட்டுச் சாலையைச் சுற்றிப் போகும் மனம்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏதோ தற்செயலாகக் குறிப்பிடுவதைப் போல நீங்கள் எழுதியவைதான் என்னை அதிகம் நிறுத்தின. பள்ளிப் பேருந்து அந்த முக்கூட்டைக் கடக்கும் என்பதால் 40 நிமிடம் முன்னதாகக் கிளம்பி வேறு வழியில் செல்கிறீர்கள். ஏர் ஹாரன் கேட்டால் கை வியர்த்து, சாக்பீஸ் நழுவுகிறது. டீசல் வாசனை வந்தால் அந்தக் காலைப்பொழுது அப்படியே கண்முன் விரிகிறது. விடியற்காலை இரண்டு மணிக்கு விழித்தால் மீண்டும் உறக்கமில்லை. இவற்றை நீங்கள் துக்கம் என்று அழைக்கிறீர்கள். துக்கமும் இருக்கிறது; ஆனால் இந்த விவரங்கள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயை வலுவாகச் சுட்டுகின்றன. அது தனி நோய். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. காலம் ஆற்றும் என்று காத்திருந்தால் பலருக்கும் தானாக ஆறுவதில்லை.

இது உடலையும் சார்ந்தது என்பதற்கு ஸ்வீடனில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். மன அழுத்தம் சார்ந்த நோய்கள் உறுதி செய்யப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்கள் அவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9 பேருக்கு வந்தன; அந்தப் பாதிப்பு இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 6 பேருக்கு வந்தன. வேறுபாடு உண்மையானது, ஆனால் அச்சப்படும் அளவுக்குப் பெரியதல்ல. உரிய மருந்தைத் தொடக்கத்திலேயே பெற்றுத் தொடர்ந்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து குறைவாக இருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரே ஆய்வை வைத்து உறுதி தர மாட்டேன். சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்ல அது போதும். இரத்தத்தில் கார்டிசால் அளவைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு அந்த அளவு இயல்பாகவோ சற்றுக் குறைவாகவோகூட இருக்கும். அந்த எண்ணால் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை.

சிகிச்சையில் முதலிடம் பேச்சுவழிச் சிகிச்சைக்குத்தான். பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரின் துணையோடு, தவிர்த்து வந்த நினைவையும் இடத்தையும் சிறிது சிறிதாக நெருங்கும் முறையும், இஎம்டிஆர் எனப்படும் கண்ணசைவு முறையும் நன்கு ஆராயப்பட்டவை. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தேவைப்படலாம்; அவை தூக்க மாத்திரைகளைப் போலப் பழக்கத்துக்கு அடிமைப்படுத்துபவை அல்ல.

"சில இரவுகளில் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும்" என்ற வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. அந்த எண்ணம் வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம், தனியாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மீண்டும் தோன்றினால் அந்த நேரத்திலேயே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 104 என்ற தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. மகளிடமோ நெருங்கிய தோழியிடமோ இதைச் சொல்லி வையுங்கள்.

வேலை, மகளின் திருமணம் குறித்த உங்கள் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். நம் ஊரில் அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் சம்மதமின்றிப் பள்ளி நிர்வாகத்துக்கோ உறவினருக்கோ அவர் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவதை 18ஆம் பிரிவு உரிமையாக்கியிருக்கிறது. உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் காப்பீட்டுத் திட்டத்தின் விவரங்களையும் கேட்டுப் பாருங்கள். சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால், பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்வதில் தவறில்லை.

மாமியாரின் இரவுகள்

மகன் இறந்த செய்தியை ஒவ்வொரு இரவும் அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பொய் சொல்லக் கூடாது என்ற உங்கள் நேர்மை புரிகிறது. ஆனால் நினைவில் தங்காத செய்தி, அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய மரணமாகவே இருக்கிறது. "அவரை நினைத்துக்கொண்டீர்களா அத்தை? சின்ன வயதில் அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று பேச்சை அவருடைய நினைவுக்குள் திருப்பி, வெந்நீரோ பாலோ கொடுத்துப் படுக்க வையுங்கள். மறதி நோயாளிகளைக் கவனிப்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வழி இதுதான். இது உங்களையும் அந்தக் காலைப்பொழுதிலிருந்து கொஞ்சம் விலக்கி வைக்கும்.

உங்கள் தூக்கத்தையும் யாராவது காக்க வேண்டும். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. எந்தப் பொடியும் இந்த வேறுபாட்டை ஈடுகட்டாது. கொழுந்தனார் அதே ஊரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு இரவுகள் அவர் தம் தாயோடு படுக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று இந்தப் பதிலையே அவரிடம் காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களிடமும் மாமியாரின் நிலையைச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள்.

சளிப் பரிசோதனையையும் சர்க்கரையையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். மற்றவை ஒரு மாதத்துக்குள் போதும். இருமலில் இரத்தம் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ அதுவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முடிவுகள் கைக்கு வந்ததும், ஊசியின் பெயர் எழுதிய சீட்டோடு சேர்த்து எனக்கு மீண்டும் எழுதுங்கள்.